மேட்டுப் பள்ளிக்கூடமா, கண்மாய்க்கரைப் பள்ளிக்கூடமா

ஆனைக்குட்டம்
2.2.2025

மாரிசெல்வியின் அப்பாவுக்கு,

மாரிசெல்வியின் அம்மா பொன்மணி எழுதுவது. நான் இங்கே அண்ணன் வீட்டில் நலமாக இருக்கிறேன். அங்கே நீங்கள் நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் கேட்கிறேன். அதில் வேறு அர்த்தம் எதுவும் தேட வேண்டாம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ளுங்கள். இனி உங்களோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று இருக்கன்குடி ஆத்தா மேல் ஆணையிட்டுவிட்டு வந்தவள் நான். செல்வியிடம் சொல்லி உங்களிடம் சொல்லச் சொன்னேன். "நான் என்ன கொரியர் ஆபீஸா? எனக்குப் பரீட்சை வருது, ஒங்க பஞ்சாயத்துல என்னைய இழுக்காதீக" என்று வைத்துவிட்டாள். பெரிய போன் அவள் கையில். என்னிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே தபால்காரரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

நடந்ததை நீங்கள் வசதியாக மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் என்ன கேட்டார்? "இங்கன எட்டாவதோட முடியுது. ஒம்பதாவதுக்குப் பிள்ளைய எங்க சேக்கப் போறீக?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். திறந்ததுதான் தெரியும். "நீ சும்மா இரு. பட்டாசுப் பெட்டி ஒட்டுறவளுக்குப் பள்ளிக்கூடத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று அம்புட்டுப் பேர் முன்னால் சொன்னீர்கள். நாலு பேர் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். நீங்கள் மட்டும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அமெரிக்காவிலா இருக்கிறீர்கள்? சிமெண்ட் மூட்டை அடுக்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

அதை விடுகிறேன். விடவில்லை, தள்ளிவைக்கிறேன். முழுப்பரீட்சை முடியும்வரை பள்ளிக்கூடம் மாறமாட்டேன் என்று செல்வி சொன்னதால்தான் அவளை அங்கே விட்டு வைத்திருக்கிறேன். ஜூனில் அவள் எந்த ஊரில் படிக்கிறாளோ அந்த ஊரில்தான் நான் இருப்பேன். இங்கே கண்மாய்க்கரையில் ஒரு அரசுப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பன்னிரண்டாவது வரை உண்டு. அதைத்தான் பார்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெட்டி ஒட்டுகிறவள்,
பொன்மணி


ஆலங்குளம்
17.2.2025

பொன்மணிக்குப் பாண்டிராஜ் எழுதிக்கொண்டது.

நானும் செல்வியும் சௌக்கியம். நீயும் உன் அண்ணன் சங்கிலிமுத்துவும் மதினியும் சௌக்கியமாக இருங்கள். உன் கடிதத்தைத் தபால்காரர் தெருமுனையில் நின்றே கூவிக் கொடுத்தார். எதிர்வீட்டு மாமா ஓடிவந்து, "கோர்ட்டு நோட்டீஸா மாப்ள?" என்கிறார். இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா சொல்.

ஏதோ ஆத்திரத்தில் ஒரு வார்த்தை வந்துவிட்டது. எந்த வீட்டில் வராமல் இருக்கிறது? அதற்குப் போய் ஆத்தாளை இழுத்து ஆணையிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்களா?

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மேட்டுப் பள்ளிக்கூடம் இருக்கும்போது கண்மாய்க்கரையை எதற்குத் தேடுகிறாய்? அதுவும் அரசுப் பள்ளிக்கூடம்தான். ஆனால் ஐந்து வருடமாகப் பத்தாவதில் நூறு சதவீதம். வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள், பஸ்ஸில் போகும்போதே தெரியும். டவுன் பஸ் வாசலிலேயே நிற்கிறது. சுற்றுச்சுவர் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

செல்வி நன்றாக இருக்கிறாள். எனக்கு ரெட்டைச்சடை போட வரவில்லை. ஒன்று காதுக்கு மேலே ஏறிக்கொள்கிறது, ஒன்று கழுத்துக்கு இறங்கிவிடுகிறது. அவளே போட்டுக்கொள்கிறாள். தோசை மாவுக்கு உளுந்து எவ்வளவு என்று எழுது. போன தடவை ஆட்டியது கல்லைவிட்டு வரவே இல்லை.

இப்படிக்கு,
பாண்டிராஜ்


ஆனைக்குட்டம்
26.2.2025

செல்வி அப்பாவுக்கு,

இங்கே சுகம். அங்கே தோசை வராத குறையைத் தவிர வேறு குறை இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் மட்டும் கேட்காமலே தெரிந்துவிடும், இல்லையா?

ஒன்பதாவது படிக்கப் போவது பேனரா, நம் பிள்ளையா? பஸ்ஸில் போகும்போதே பார்த்துவிட்டாராம்! இறங்கிப் பார்த்தீர்களா? நான் போனேன். கம்பெனி வேன் திரும்பி வரும்போது கண்மாய்க்கரையில் இறக்கிவிடச் சொல்லிப் போய்ப் பார்த்தேன். பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குள் போய் நானே தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். விழுகிறது. குழாயைத் திறந்தேன். தண்ணீர் வருகிறது. நீங்கள் சிரிப்பீர்கள். செல்வி இப்போது படிக்கிற இடத்தில் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருகிறாளே, அது எதற்கு என்று ஒரு நாளாவது உங்களுக்குத் தோன்றியதா? பெரிய மனுஷியாகி ஒரு வருடம் ஆகிறது அவளுக்கு.

ஹெட்மாஸ்டர் ஒரு அம்மா. பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். பெண்பிள்ளைகள் கபடி விளையாடுகிறார்கள். சத்துணவு ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டேன், சாம்பாரில் பருப்பு இருக்கிறது. மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்துதான் கிடக்கிறது. அதை மறைக்கவில்லை.

தபால்காரர் வந்தாலே மதினி சிரிக்கிறாள். "இந்த வயசுல லெட்டர் போக்குவரத்தா?" என்கிறாள். எனக்கு வருகிற எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

சடைக்கு நடு வகிடு சீப்பின் வாலால் எடுக்க வேண்டும், பல்லால் அல்ல.

பொன்மணி


ஆலங்குளம்
23.3.2025

பொன்மணிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய், எழுத்தைப் பார்த்தாலே திடகாத்திரம் தெரிகிறது.

பதில் தாமதம். சிமெண்ட் ஆர்டர் கூடிவிட்டது. லோடு ஏற்ற ஆள் பற்றவில்லை என்று ரெண்டு ஷிப்டும் பார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இறங்கிப் பார்த்தேன், போதுமா? தாழ்ப்பாள் இருக்கிறது என்று ஆயாம்மா சொன்னார். நான் உள்ளே போய்ப் பார்க்கவா முடியும்? அடி விழும்.

செல்விக்கு ரிவிஷன் டெஸ்டில் கணக்கு முப்பத்தொன்று. மற்றதெல்லாம் எழுபதுக்கு மேல். அழவில்லை. அழாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாளே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என்னத்தா இப்படி என்று கேட்டேன். "கணக்கு வரலேன்னா என்னப்பா, நானும் அம்மா மாதிரி வேன்ல ஏறிப் போயிருவேன்" என்றாள். சும்மா சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கு அரைப்பக்கம் எழுதினாய். சாம்பாருக்கு ஒரு வரி எழுதினாய். உன் கண்மாய்க்கரையில் கணக்கு யார் எடுக்கிறார்கள் என்று ஒரு சொல் இல்லையே, ஏன்?

பாண்டிராஜ்


ஆனைக்குட்டம்
30.3.2025

செல்வி அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

வேனில் ஏறிப் போய்விடுவேன் என்று என் பிள்ளை சொன்னாளா? காலையில் இருட்டோடு ஏறி, மருந்து நாற்றத்தோடு இறங்கி, முகத்தில் வெள்ளிப்பொடி போகத் தேய்த்துத் தேய்த்துக் குளித்து, நான் இம்புட்டு நாளும் போனதே அவள் அந்த வேனில் கால் வைக்கக் கூடாது என்றுதானே? அதைப் படித்ததிலிருந்து கை வேலையில் நிற்கவில்லை. நாலு பெட்டியைத் தலைகீழாக ஒட்டி போர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கணக்கு எடுக்கிறார்களா என்று கேட்கிறீர்கள். பள்ளிக்கூடம் என்று இருந்தால் கணக்கு எடுக்காமல் இருப்பார்களா? எடுக்கிறார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். எங்கள் வேனில் இருளம்மாள் என்று ஒருத்தி வருகிறாள். அவள் அக்காவை உங்கள் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. அக்கா மகன் உங்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்தானாம். வருட முடிவில் கூப்பிட்டு, "இவன் பத்தாவதுல பெயிலாயிருவான், வேற எங்கயாச்சும் சேத்துக்கோங்க" என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்களாம். அவனோடு சேர்த்து இன்னும் சில பிள்ளைகளையும் அனுப்பினார்களாம். இப்போது அவன் லாரியில் கிளீனராகப் போகிறான். நூறு சதவீதம், நூறு சதவீதம் என்று குதித்தீர்களே, மீதிப் பிள்ளைகள் எங்கே? முப்பத்தொரு மார்க் வாங்குகிற பிள்ளையை அவர்கள் வைத்துக்கொள்வார்களா?

கேட்டீர்களா, கேட்கவில்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

பொன்மணி


ஆலங்குளம்
8.4.2025

பொன்மணிக்கு,

இங்கு இருவரும் நலம்.

வேனில் வருகிற பேச்சையெல்லாம் கேட்டு ஆடினால் உலகத்தில் ஒரு பள்ளிக்கூடமும் மிஞ்சாது.

கேட்டேன். பதில் சொன்னார்கள். அதை விடு.

முழுப்பரீட்சை தொடங்குகிறது. செல்வியிடம் போனில் பேசும்போது பள்ளிக்கூடப் பேச்சை எடுக்காதே. நீ பேசிவிட்டு வைத்த பிறகு ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீடு ஒரு மாதிரி இருக்கிறது. வெயில் அதிகம்.

பாண்டிராஜ்


ஆனைக்குட்டம்
24.4.2025

செல்வி அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபீசர்கள் சோதனை என்று கம்பெனியை இரண்டு நாள் மூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் சிவகாசி போய், பஸ் மாறி, உங்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உங்களுக்குச் சொல்லாமல்தான். சொல்ல வாயும் இல்லை.

அந்த ஹெட்மாஸ்டர் ரத்தினசாமியிடம் போய், ஒன்பதாவதுக்குச் சேர்க்க வேண்டும், பெயர் மாரிசெல்வி, அப்பா பெயர் பாண்டிராஜ் என்று சொன்னேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தம்மா நீங்கதானா? ஒங்க வீட்டுக்காரரு மூணு வாட்டி வந்துட்டாரும்மா. மொத வாட்டி சீட்டு இருக்கான்னு கேட்டாரு. ரெண்டாவது வாட்டி வந்து, எம் பிள்ள கணக்குல மட்டம், ஒம்பதாவதோட டி.சி.யக் குடுத்து அனுப்பிர மாட்டீகளேன்னு சண்டைக்கு வந்துட்டாரு. எழுதிக் குடுங்கன்னு நிக்காரு. அதெல்லாம் எப்படிம்மா எழுதிக் குடுக்க முடியும்? ரிசல்ட்டு கொறஞ்சா எங்களைய மேல இருந்து கேக்குறாக. மூணாவது வாட்டி நானே பாரத்த நீட்டுதேன், வாங்க மாட்டேங்காரு."

ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"'எங்க வீட்டுல இதெல்லாம் அவ பாத்தாத்தான் சரியா இருக்கும். எனக்குப் பேனரத் தவிர ஒண்ணும் தெரியல. அவ வந்து பாக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆபீஸ் ரூம்ல அம்புட்டு வாத்தியாரும் இருந்தாக."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஏன்யா, இதை எனக்கு ஒரு வரி எழுதினால் உங்கள் கை சுளுக்கிக்கொள்ளுமா? "கேட்டேன், பதில் சொன்னார்கள், அதை விடு, வெயில் அதிகம்" என்று எழுதத் தெரிகிறதே, இதை எழுத வராதா? ஊர் கூடியிருக்கும்போது வாயால் இடித்தீர்கள். முன்பின் தெரியாத ஹெட்மாஸ்டரிடம் போய் என்னைத் தூக்கி வைத்துப் பேசியிருக்கிறீர்கள். அவரா உங்களுக்கு வாக்கப்பட்டவர்? பஸ்ஸில் வரும்போது ஒரு பக்கம் அழுகை வருகிறது, ஒரு பக்கம் உங்களை நாலு சாத்து சாத்தலாமா என்று வருகிறது. பக்கத்தில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

நிற்க. மேட்டுப் பள்ளிக்கூடம் நமக்கு ஆகாது என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. கண்மாய்க்கரையில் ஒரு குறையும் கிடையாது. பேசாமல் இங்கே சேர்த்துவிடுவோம்.

பொன்மணி


ஆலங்குளம்
24.4.2025

பொன்மணிக்கு,

நலம், நலம். இரண்டு தடவை எழுதிவிட்டேன், அடுத்த கடிதத்துக்கும் சேர்த்து வைத்துக்கொள். எனக்கு இருக்கிற கோபத்தில் அடுத்த தடவை எழுதுவேனா தெரியாது.

செவ்வாய்க்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் அப்படியே பஸ் ஏறி உன் கண்மாய்க்கரைக்கு வந்தேன். உனக்குத் தெரியக் கூடாது என்று உன் தெருப் பக்கமே தலைவைக்கவில்லை. ஹெட்மாஸ்டர் அம்மாவிடம் கணக்கு யார் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். "கணக்கு போஸ்ட் காலிங்க. ஒரு வருஷமா ஆள் இல்ல. டிராயிங் டீச்சர்தான் சமாளிக்கிறாங்க" என்கிறார்.

டிராயிங் டீச்சர்! முப்பத்தொரு மார்க்கை வைத்துக்கொண்டு நான் இங்கே தூங்காமல் கிடக்கிறேன். நீ என்னடா என்றால் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது என்று எழுதுகிறாய். "எடுக்கிறார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதினாயே, எதைப் பார்த்துக்கொள்வாய்? நன்றாகக் கேட்டுவிட வேண்டும், இன்றைக்கே உன் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றுவிட வேண்டும் என்று எழுந்தேன்.

அந்த அம்மா விடவில்லை. "உட்காருங்க. நீங்க பொன்மணி வீட்டுக்காரரா? அவங்க ரெண்டு திங்கக்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுட்டு, வேன்ல வர்ற பொம்பளைகளையும் கூட்டிக்கிட்டு விருதுநகர் கலெக்டர் ஆபீஸ்ல மனுக் குடுத்துருக்காங்க. கணக்கு டீச்சர் வேணும்னு. இவங்க பிள்ள இங்க படிக்கக்கூட இல்ல, இன்னும் சேர்க்கவே இல்லைங்க. எதுக்கும்மான்னு கேட்டா, 'எம் பிள்ள வர்றதுக்குள்ள வந்துரணும்'ங்கிறாங்க" என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கண்மாய்க் கரையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

கலெக்டர் ஆபீஸில் போய் மனுக் கொடுக்கத் தெரிகிறது. கட்டின புருஷனுக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை. உன்னோடு குடும்பம் நடத்துகிறவனுக்குத்தான் ஆத்தா கோயில் கட்ட வேண்டும்.

பாண்டிராஜ்


ஆனைக்குட்டம்
7.5.2025

செல்வி அப்பாவுக்கு,

இங்கே நானும் செல்வியும் நலம். லீவுக்கு அவள் வந்த அன்றைக்குத்தான் உங்கள் கடிதமும் வந்தது. என் கடிதம் அன்றைக்கே உங்களுக்கும் வந்திருக்கும்.

ஒளித்து வைத்தும் பிரயோசனம் இல்லை. டிரங்குப் பெட்டியில் வைத்த கடிதத்தையெல்லாம் எடுத்துப் படித்துவிட்டாள். நான் மேட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்ததையும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஒரே நாளு, ஒரே சிவகாசி பஸ் ஸ்டாண்டு. நீ அங்கிட்டுப் போற, அப்பா இங்கிட்டு வாராக. சொல்லிட்டுப் போயிருந்தா ரெண்டு பேரும் ஒரு டீயாச்சும் குடிச்சிருக்கலாம்ல?" என்கிறாள். நாம் பெற்றது நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

சிரித்து முடித்த பிறகு ஒன்று கேட்டாள். "ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் இல்ல. இன்னொண்ணுல கணக்கு வராதவங்க இருக்கக் கூடாது. அப்ப நான் எங்கம்மா போக?" என்றாள். அப்பாவிடமும் கேட்கிறேன் என்றேன். பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

கணக்கு டீச்சர் இல்லை என்பதை உங்களிடம் மறைத்தேன். சொன்னால், "அதான் சொன்னேனே, இவளுக்கு என்ன தெரியும்" என்பீர்கள். அதை இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

மனுவுக்கு, ஜூனுக்குள் பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அவர்கள் பார்க்கிறோம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பள்ளிக்கூடத்தையும் பார்த்தாயிற்று, ஒன்றிலும் நிம்மதி இல்லை. என் பிள்ளை அந்த வேனில் ஏறக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மற்ற கோபமெல்லாம் அதற்கு அப்புறம்.

சடை நன்றாகத்தான் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அவளா போட்டாள் என்று கேட்டேன், அப்பா என்றாள்.

பொன்மணி


ஆலங்குளம்
25.5.2025

பொன்மணிக்கு,

நான் நலம். நீயும் செல்வியும் நலம் என்று போனில் செல்வி சொன்னாள். கண்மாய்க்கரைக்குக் கணக்கு டீச்சர் வந்துவிட்டார், ராஜபாளையம் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்திருக்கிறார் என்றும் சொன்னாள். நீ பின்னால் நின்று, "சொல்லு, சொல்லு" என்று அவளைக் குத்துவது இங்கே வரைக்கும் கேட்டது. ஆணையிட்டவள் குரல் போனில் கேட்கலாமா என்று ஆத்தாளிடம்தான் கேட்க வேண்டும்.

சரி. கண்மாய்க்கரையே இருக்கட்டும். அவள் படிக்கிற ஊரில்தான் இருப்பேன் என்று முதல் கடிதத்தில் எழுதினாய். எனக்கும் அப்படித்தான். அதனால் நான் அங்கே வருகிறேன். இங்கே வேலையை விடவில்லை, தினம் பஸ்ஸில் போய் வருவேன். எதிர்வீட்டு மாமா இப்போதே ஆரம்பித்துவிட்டார். "என்ன மாப்ள, வீட்டோட மாப்பிள்ளையாப் போறீகளாம்ல? மாமியா ஊர்ல ரெண்டு நாள் விருந்து வச்சிட்டு மண்வெட்டி எடுத்துக் குடுப்பாகளா?" என்கிறார். கேட்டுக்கொண்டேன். பதினைந்து வருடமாக நீ என் ஊரில் இருந்தபோது உன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் யோசனையாக இருந்தது.

ஆனால் உன் அண்ணன் வீட்டில் இருக்கமாட்டேன். அதே பக்கம் ஒரு வாடகை வீடு பார். நான் வந்து பார்க்க வேண்டியதில்லை. நீ பார்த்துச் சரி என்றால் சரி.

பதில் எழுத நாளானதற்குக் காரணம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை இருக்கன்குடி போனேன். கோயில் வாசலில் உருவத் தகடு விற்கிற கடையில் ஒரு வாய் கொடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்கிறார். "கண்ணு இருக்கு, கை இருக்கு, காலு இருக்கு. வாய் மட்டும் தனியா வராதுண்ணே. முகமாத்தான் வாங்கணும்" என்றார். சரி என்று முகமாகவே வாங்கினேன். பூசாரி, "யாருக்கு என்ன நோவு?" என்று கேட்டார். "எங்க வீட்டுல பேச்சு நின்னுபோச்சு சாமி" என்றேன். "யாரால?" என்றார். அக்கினிச்சட்டி எடுத்து வந்த கூட்டம் சுற்றி நிற்கிறது. "என்னாலதான்" என்றேன். தகட்டை வாங்கி ஆத்தா காலடியில் வைத்துவிட்டு, "ஆணை எறங்கிருச்சு. ஆனா பேசுறதும் பேசாததும் அவுக இஷ்டம்" என்று விபூதி கொடுத்தார்.

விபூதியை இதில் மடித்து வைத்திருக்கிறேன். மற்றது உன் இஷ்டம்.

பாண்டிராஜ்


ஆனைக்குட்டம்
29.5.2025

அன்புள்ள செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் அங்கே நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

வீடு பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. கழிப்பறை இருக்கிறது, தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன், விழுகிறது. வீட்டு வாசலில் நின்றால் காலைப் பஸ் உங்களுக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறோம். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள். ஆலங்குளத்தை விட்டு வரும்போது, "இந்த வீட்டில் இனிக் கை நனைக்க மாட்டேன்" என்றுதான் நான் சொல்லிவிட்டு வந்தேன். இது வேறு வீடு.

உங்களை வீட்டோடு மாப்பிள்ளை என்று இங்கேயும் சொல்வார்கள். அண்ணனே சொல்வார். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

புது கணக்கு டீச்சர் கறார். செல்வியை உட்காரவைத்து நாலு கணக்குக் கொடுத்தார், இரண்டு தப்பு. "வராததுக்குத்தானே நான் வந்திருக்கேன்" என்றார். வீட்டுக்கு வந்து தப்பான இரண்டையும் செல்வி மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் அறைக்கு மூவரும் போகிறோம். வெள்ளைச் சட்டை எடுத்து வாருங்கள். அங்கே நான் பேசுவேன். நீங்கள் சும்மா இருங்கள்.

விபூதியைப் பூசிக்கொண்டேன். வாய் கேட்டு முகம் வாங்கினீர்களே, அந்தத் தகட்டில் இரண்டு காதும் சேர்ந்துதான் இருந்திருக்கும், கவனித்தீர்களா? நான் பேச வேண்டியது பிப்ரவரியிலிருந்து சேர்ந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதலில் சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் உட்காருங்கள். முடிய நேரமாகும்.

உங்கள்
பொன்மணி